மாதிரி வேறு, சரக்கு வேறு

போடிநாயக்கனூரில் ஏலம் என்றால் இரண்டு அர்த்தம். காய்க்கும் அதுதான் பெயர், அதை விற்கிற முறைக்கும் அதுதான் பெயர். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர். கூவி விற்ற காலம் போய்விட்டது. ஸ்பைசஸ் போர்டு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டது, வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறார்கள். ஆனாலும் ஒரு பழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் கைக்கு வந்தாக வேண்டும். உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்த்து, ஒரு காயை நகத்தால் கிள்ளி, மூக்குக்குக் கொண்டுபோன பிறகுதான் விலை. எட்டு எம்.எம். என்று சொன்னால் எட்டு எம்.எம். இருக்க வேண்டும். சாம்பிள் ஒன்றாகவும் மூட்டைக்குள் இருப்பது வேறாகவும் இருந்தால், அந்த ஆள் அப்புறம் போடிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

2019 செப்டம்பரில் க.விலக்கு மருத்துவக் கல்லூரிச் செய்தி வந்து மாவட்டமே பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, சாம்பிளப் பாத்தவன் யாரு?" என்றார். ஆறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கதையை மறுபடி சொல்கிறேன். தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகிற சாலையில் கண்டமனூர் விலக்கு. அங்கேதான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த சென்னை மாணவர் ஒருவரைப் பற்றிக் கல்லூரி முதல்வருக்கு மின்னஞ்சலில் புகார் வந்தது. நீட் நுழைவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் முகமும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முகமும் வேறு வேறு என்பது புகார். மே மாதம் மும்பையில் ஒரு மையத்தில் பரீட்சை எழுதியது வேறொருவர் என்பது வழக்கு. மாணவரின் தந்தை, சென்னையில் அரசு மருத்துவர். க.விலக்கு காவல் நிலையத்தில் பதிவான வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, குடும்பம் திருப்பதியில் பிடிபட்டது. பிறகு நூலைப் பிடித்து இழுத்தால் வேறு கல்லூரிகளிலும் மாணவர்களும் தகப்பன்மார்களும் ஜோடி ஜோடியாக வந்தார்கள். அன்றைய செய்தித்தாள்களில் அடிபட்ட தொகை 20 லட்சம் ரூபாய்.

வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. எனக்கு வேறொரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

அந்தப் பரீட்சைக்குள் நுழைய எங்கள் பிள்ளைகள் என்ன பாடுபட்டார்கள் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். 2017-இல் முழுக்கைச் சட்டை போட்டு வந்த பையன்களை வாசலில் நிறுத்திக் கத்தரிக்கோலால் கையை வெட்டினார்கள். ஷூவுக்குத் தடை, பெரிய சட்டைப் பொத்தானுக்குத் தடை. பெண் பிள்ளைகளின் தோட்டைக் கழற்று, மூக்குத்தியைக் கழற்று, பின்னலை அவிழ், ஊக்கை எடு. கண்ணூரில் ஒரு பெண்ணின் உள்ளாடைக் கொக்கியில் இருந்த இரும்பைப் பார்த்துக் கருவி கத்தியது என்று அதையும் கழற்ற வைத்தார்கள். காதைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், தலைமுடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிற இடத்துக்கு முகம் என்று பெயர். அதை மட்டும் பார்க்க மறந்துபோனார்கள்.

மறந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. மும்பை மையத்தின் வாசலில் நின்றவர் மறந்தார், அறைக்குள் கையெழுத்து வாங்கிய கண்காணிப்பாளர் மறந்தார், கலந்தாய்வில் சான்றிதழை ஒவ்வொன்றாகத் திருப்பியவர் மறந்தார். கடைசியில் க.விலக்கு வரைக்கும் சாம்பிளும் சரக்கும் வேறு வேறாகவே வந்து இறங்கி, வகுப்பும் தொடங்கிவிட்டது. மின்னஞ்சல் அனுப்ப ஒருவருக்கு மனசு வராமல் போயிருந்தால், இந்நேரம் அந்தச் சரக்கு ஸ்டெதாஸ்கோப்போடு ஏதாவது ஒரு வார்டில் நம் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்.

2018-இல் தேர்வு நடத்தியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு எர்ணாகுளத்திலும் ராஜஸ்தானிலும் மையம் போட்டார்கள். மகனைப் பரீட்சைக்கு அழைத்துப்போன திருத்துறைப்பூண்டி கிருஷ்ணசாமி, பையன் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே எர்ணாகுளத்தில் செத்துப்போனார். கம்பம்காரர்களுக்குக் கேரளம் அந்நியம் இல்லை. தேவாரம், போடி, கம்பம் என்று எல்லா ஊரிலும் விடிவதற்கு முன்னாலேயே தூக்குவாளியோடு நிற்கிற பெண்களை ஜீப்பில் அடைத்து மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இருட்டும்போது இறக்கி விடுகிறார்கள். தாய்மார் தினமும் கேரளத்துக்குப் போய்த்தானே கூலி வாங்குகிறார்கள், பிள்ளைகளும் போய் மார்க் வாங்கிக்கொண்டு வரட்டுமே என்று டெல்லியில் யாரோ பரிவோடு நினைத்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கொதிக்க வைப்பது இந்த மோசடி இல்லை. மோசடிக்காரன் தன் தொழிலைச் செய்கிறான். இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, "உங்களுக்குத் தன்னம்பிக்கை போதாது" என்று சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மகாலில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். வாசலில் வாழை மரம் மட்டும்தான் இல்லை; மற்றபடி பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் இருந்தது. மேடையில் கோட்டு போட்ட பேச்சாளர். காதோரம் ஒரு மைக் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார். கையை மேலே தூக்கி "என்னால் முடியும்" என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். சத்தம் போதவில்லை என்று நான்காவது தடவையும் கத்த வைத்தார். எடிசனுக்கு எத்தனை பல்பு எரியாமல் போனது என்று சொன்னார். அப்துல் கலாம் விமானியாகத் தேர்வாகாமல் போன கதையைச் சொன்னார். இந்த இருவரும் இல்லையென்றால் தமிழ்நாட்டில் தன்னம்பிக்கைத் தொழிலே நடந்திருக்காது. ராயல்டி கேட்டு வந்தால் எடிசன் குடும்பம் இன்னொரு தடவை கோடீஸ்வரர்கள் ஆகிவிடும்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார். அம்மா, அப்பா பட்ட கஷ்டத்தை நினைக்கச் சொன்னார். புல்லாங்குழல் ஓடியது. முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் விசும்பின. விளக்கு வந்தது. "உங்களுக்கு எதிரி நீட் இல்லை. உங்கள் மனசுதான்" என்றார். கைத்தட்டல்.

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். அரசுப் பள்ளிச் சீருடை. "சார், எங்க ஸ்கூல்ல பதினொண்ணாவதுல பாதி வருசம் பிசிக்ஸுக்கு டீச்சரே வரல சார்" என்றாள். பேச்சாளர் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "இதைத்தான்மா நெகட்டிவ் தாட் என்று சொல்வது" என்றார்.

அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நிமிடம் கத்தி ஏற்றிய தன்னம்பிக்கை எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் இறங்கியதைப் பக்கத்து வரிசையிலிருந்து நான் பார்த்தேன். பிசிக்ஸ் வாத்தியார் வராதது பாசிட்டிவா நெகட்டிவா என்று எனக்குத் தெரியாது. மின்னோட்டத்தில்தான் அந்தப் பேச்செல்லாம் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வரவில்லை என்கிறாள்.

பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ரிப்பீட்டர் பேட்ச், க்ராஷ் கோர்ஸ், விடுதியோடு தனி, விடுதி இல்லாமல் தனி, மூன்று தவணை. இன்றே சேர்ந்தால் தள்ளுபடி. மேடையில் கொடுத்தது பசி, சாப்பாடு பின்னால்தான் என்பது அப்போது புரிந்தது. பரீட்சை மையத்தில் மகளுடைய தோட்டைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். அதற்கு ஓர் ஆண்டு முன்பே அம்மாவின் தோடு கழன்று நகைக்கடனில் போய் உட்கார்ந்திருக்கும்.

தன்னம்பிக்கைக்கு ரசீது உண்டு என்பதை நான் சொல்லவில்லை, உயர் நீதிமன்றத்தில் வந்த கணக்கு சொல்கிறது. 2019 நவம்பரில், இதே ஆள்மாறாட்டக் களேபரம் ஓடிக்கொண்டிருந்தபோது, அரசு ஒரு விவரம் தாக்கல் செய்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். அதில் பயிற்சி மையத்துக்குப் போகாமல் சேர்ந்தவர்கள் 48 பேர். மீதி 3,033 பேருடைய தன்னம்பிக்கையும் ஜி.எஸ்.டி. சேர்த்து விற்பனை ஆனது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நீட் வருவதற்கு முன் 2016-17-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டே பள்ளி முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் அது 71. அதாவது பிளஸ் டூ முடித்த கையோடு டாக்டருக்குப் படிக்கப் போவது என்பது இப்போது அபூர்வ நோய். ஒன்றோ இரண்டோ வருஷம் சும்மா இருந்து, சோறு போட ஆள் இருந்து, கட்டணம் கட்ட ஆள் இருந்து, மறுபடி எழுத வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் ஒருநாள் படுத்துவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. அந்த வீட்டில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை இரண்டு வருஷம் "என்னால் முடியும்" என்று கத்திக்கொண்டிருப்பதற்கு எந்த வங்கி கடன் கொடுக்கிறது?

இந்த இடத்தில் யாராவது கையைத் தூக்கி, "உங்கள் மாவட்டத்துச் சில்வார்பட்டிப் பையன் என்ன ஆனார்?" என்று கேட்பார்கள். தெரியும். கேட்காமல் விடமாட்டார்கள்.

சில்வார்பட்டி, பெரியகுளம் பக்கம். ஆள்மாறாட்ட வழக்கு நாறிய அடுத்த ஆண்டே, 2020-இல், அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவர் நீட்டில் 720-க்கு 664 எடுத்தார். அப்பா ஆடு மேய்க்கிறவர். இந்தியாவிலேயே அரசுப் பள்ளி மாணவர்களில் முதலிடம் என்று நாடே கொண்டாடியது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நெஞ்சு விம்மிய நாள் அது, எனக்கும்தான். ஆனால் மாலை போட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பையனைத் தடியாக்கிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, ஆடு மேய்ப்பவர் மகனால் முடிகிறது, உங்களுக்கு என்ன கேடு?"

அவர் முதல் தடவை எழுதியபோது சீட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பதையும், பிறகு நல்ல மனசுக்காரர்கள் பணம் புரட்டி நாமக்கல் பயிற்சி மையத்துக்கு ஓராண்டு அனுப்பினார்கள் என்பதையும் அதே செய்தித்தாள்கள் ஏழாவது பத்தியில் எழுதியிருந்தன. ஏழாவது பத்தி வரைக்கும் யார் படிக்கிறார்கள்? அதே மூளை, அதே பையன், அதே ஆடுகள். நடுவில் சேர்ந்தது பணமும் ஓர் ஆண்டும் மட்டும்தான். இதிலிருந்து ஒரு நாடு என்ன பாடம் கற்க வேண்டும்? எல்லா அரசுப் பள்ளிக்கும் அந்தப் பணமும் வாத்தியாரும் போக வேண்டும் என்று. நாம் கற்ற பாடம், எல்லா ஆடு மேய்ப்பவர்களும் தன்னம்பிக்கையோடு ஒரு கொடையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது.

அவருக்கு மாலை விழுந்துகொண்டிருந்த அதே அக்டோபரில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா ஆளுநர் மாளிகையில் தூங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 15-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒரு மாதம் போயிற்று. பரீட்சை முடிவும் வந்துவிட்டது. அரசே பொறுக்க மாட்டாமல் அக்டோபர் 29-இல் ஆணை போட்டது. மறுநாள் மாளிகைக்கு விழிப்பு வந்து கையெழுத்து வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் வெறும் 6 பேர் என்று அப்போதைய அரசே சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு! ஒரு குமுளி ஜீப்பில் இதைப்போல் இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றுவார்கள்.

எங்கள் பெரியகுளத்துக்காரர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 2017 பிப்ரவரித் தொடக்கத்தில், நீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் இரண்டு மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்ல காரியம். டெல்லிக்குப் போன மசோதாவுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வருஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது: குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துத் திருப்பி அனுப்பியது 2017 செப்டம்பரில். அரியலூர் குழுமூர் அனிதாவுக்கு ஊரே அழுதுகொண்டிருந்த அதே செப்டம்பர். பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176. நீட்டில் 720-க்கு 86. இரண்டும் ஒரே பிள்ளையின் மார்க். உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற பிள்ளையிடம் தன்னம்பிக்கை இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் கம்பம் திராட்சைத் தோட்டத்துப் பூச்சிமருந்தைத்தான் ஊற்ற வேண்டும். அவள் செத்த மாதமே மசோதாவும் செத்துவிட்டது. ஆனால் மசோதா ஐ.சி.யூ.வில் இருப்பதாகவே இங்கே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் சட்டமன்றத்தில் சண்டை எதைப் பற்றி? "நிறுத்திவைப்பு" என்றால் "நிராகரிப்பு" என்று அர்த்தமா இல்லையா என்பதைப் பற்றி. தமிழ் வளர்த்த மன்றம்.

அடுத்து வந்தவர்கள் நீட்டை ஒழிக்கும் ரகசியம் தங்களுக்குத் தெரியும் என்று மேடையில் சொன்னார்கள். பதவிக்கு வந்தார்கள், குழு போட்டார்கள், மசோதா போட்டார்கள், ஆளுநர் திருப்பினார், மறுபடி போட்டார்கள், 50 லட்சம் கையெழுத்து என்று இயக்கம் நடத்தினார்கள். 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது. ரகசியத்தை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். அவர்களிடம் ஒரு பொருளை நம்பிக் கொடுக்கலாம் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

எதிர்த்தரப்பில் எல்லாருக்கும் ஒரே மந்திரம்: தகுதி. நீட் இல்லையென்றால் தகுதி போய்விடும். சரி, தகுதியின் விலைப்பட்டியலைப் பார்த்துவிடுவோம். 2019-இல் பொதுப் பிரிவில் நீட் தேர்ச்சிக்கு வேண்டிய மார்க் 134. எவ்வளவுக்கு? 720-க்கு. பள்ளியில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கிக்கொண்டு போனால் என் அப்பா திண்ணையில்கூட உட்கார விட்டிருக்க மாட்டார். இங்கே அதற்குப் பெயர் தகுதி. 134 எடுத்துவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தால் தனியார் கல்லூரியில் கதவு திறக்கும். 400 எடுத்துவிட்டு, பணம் இல்லாமல், அரசு சீட்டும் எட்டாமல் ஊருக்குத் திரும்பி பி.எஸ்ஸி. சேர்ந்த பிள்ளைகளை இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியும். முதல் ஆள் தகுதியோடு டாக்டர் ஆவார். இரண்டாவது ஆளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பார்கள்.

இது இளநிலைக் கணக்கு. மேல்படிப்புக்கு வாருங்கள். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தகுதி வரம்பை பூஜ்யம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். அந்தப் பரீட்சையிலும் தப்புக்கு மார்க் பிடித்துக்கொள்வார்கள். அதனால் மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போனவருக்கும் கதவு திறந்தது. பரீட்சைக்கு வந்து உட்கார்ந்ததே தகுதி. காலி இடங்களில் பெரும்பாலானவை யார் கல்லூரியில், என்ன கட்டணத்தில் கிடந்தன என்பதை யோசித்தால் தகுதி ஏன் அவ்வளவு தாழ்ந்து குனிந்தது என்று விளங்கும். குழுமூர்ப் பிள்ளை கேட்டபோது குனியாத முதுகு அது.

2024 ஜூன் 4-ஐயும் விட்டுவிடக் கூடாது. நாடே நாடாளுமன்றத் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் நீட் முடிவையும் சத்தமில்லாமல் வெளியிட்டார்கள். 67 பேருக்கு 720-க்கு 720. சிலருக்கு 718, 719. சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று பிடித்தம், விட்டுவிட்டால் பூஜ்யம். 720-க்கு அடுத்த படி 716, அதற்கடுத்தது 715. 718-க்குப் படியே கிடையாது. எங்கள் ஊர் பலசரக்குக் கடைப் பையன் இதை விரல்விட்டுச் சொல்லிவிடுவான். கேட்டால், நேரம் வீணானதற்குக் கருணை மார்க் போட்டோம் என்றார்கள், 1,563 பேருக்கு. பிறகு அதை ரத்து செய்து மறுதேர்வு என்றார்கள். பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் முழுத் தேர்வையும் ரத்து செய்யும் அளவுக்கு இல்லை என்று முடிந்தது. மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன அந்தக் கண்டிப்பு எங்கே போயிற்று என்று எந்த மூக்குத்திக்காரியும் கேட்கவில்லை. கேட்டால் நெகட்டிவ் தாட்.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் என்று வெட்கப்பட வேண்டாம். அதே 2019-இல் அமெரிக்காவிலும் நடந்தது. ரிக் சிங்கர் என்று ஒரு தரகர். பணக்காரப் பிள்ளைகளை யேல், ஸ்டான்ஃபோர்டு, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் நுழைப்பது தொழில். முன்வாசல் படித்தவனுக்கு, பின்வாசல் கட்டடம் கட்டிக்கொடுக்கும் கோடீஸ்வரனுக்கு, தான் காட்டுவது பக்கவாசல் என்று விளம்பரம் வேறு. பரீட்சையில் பிள்ளைக்குப் பதில் எழுதவோ, எழுதியதைத் திருத்தவோ கெட்டிக்கார ஆள் ஒருவரை வைத்திருந்தார். ஆட்டமே ஆடாத பிள்ளையின் தலையை ஆட்டக்காரன் உடம்பில் ஒட்டிப் படம் தயாரித்தார்கள். மகளின் மார்க்கைத் திருத்த 15,000 டாலர் கொடுத்த நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 2019 செப்டம்பர் 13-இல் தண்டனை விதித்தார்கள். பதினான்கு நாள் சிறை. க.விலக்கில் புகார் மின்னஞ்சல் வந்து இறங்கிய அதே வாரம். பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வேண்டும் என்று அங்கேயும் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது இருந்திருக்கும். வாசல் எத்தனை என்று அப்பாவுக்குத் தெரிந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் இருக்காது?

நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வழக்கில் சொல்வது நிஜமாக இருந்தால், க.விலக்குக் கதையில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. நல்ல கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கிற நாட்டில், ஒரே தடவை 20 லட்சம் கொடுத்து, அன்றைக்கு ஆண்டுக்கு வெறும் 13,000 சொச்சம் கட்டணம் இருந்த அரசு சீட்டை வாங்குவது சிக்கனம். ஐந்து வருஷத்தில் வீடே கட்டிவிடலாம். முதல் வழி சட்டப்படி, இரண்டாவது வழி குற்றம். இரண்டிலும் மார்க்கைத் தள்ளிவிட்டு முன்னே போவது பணம்தான். ஒன்றில் ரசீது தருகிறார்கள், மற்றதில் தருவதில்லை.

போன மாதம் அந்த ஏலக்காய் வியாபாரியை மறுபடி பார்த்தேன். குடோனில் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. கை போகிற வேகத்தில் கண் போகவில்லை எனக்கு. தகுதி பார்ப்பது இந்தப் பள்ளத்தாக்கில் கூலிக்குச் செய்கிற வேலை. ஒரு பெண் தலையைத் தூக்காமலே, மகள் இரண்டாவது தடவை நீட் எழுதியிருப்பதாகச் சொன்னாள். மார்க் எவ்வளவு வரும் என்று நான் கேட்கவில்லை. "போன தடவ வரல. அவளுக்குத் தைரியம் பத்தலேனு சார்மாரு சொல்றாக" என்றாள். கை நிற்கவில்லை.

டீ வந்தது. வியாபாரி பழைய பேச்சை அவராகவே எடுத்தார்.

"தம்பி, அன்னிக்கு ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அந்தப் பம்பாய்ல உக்காந்து பரீச்ச எழுதுனாம்பாரு, ஒருத்தன்."

"ஆமாண்ணே."

"அவந்தான மார்க்கு வாங்குனவன்?"

"ஆமாண்ணே."

"டாக்டர் சீட்டு கெடைக்கிற மார்க்கு?"

"ஆமா."

டீயை ஒரு வாய் குடித்தார். "அப்புறம் ஏன் அவன் அடுத்தவன் பேருல எழுதுறான்? அவம் பேருல எழுத அவன்கிட்ட என்ன இல்ல?"

உள்ளே காய் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.